கெடிலக் கரையில் நோயும் சமயமும்

(சிதம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பியர் ஆட்சி வருவதற்கு முன்பு ஆப்பிரிக்க மக்கள் நோயை எப்படி எதிர்கொண்டார்கள், அவர்களுடைய வைத்திய முறைகளுக்கும் சமய இயக்கங்களுக்கும் என்ன உறவு என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் இந்தத் தில்லையும்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. ஆகையால் அங்கே தொடங்கி, பேச்சின் பெரும்பகுதியை நம் மாவட்டத்திலேயே செலவிடப் போகிறேன்.

காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் 17-ஆம் நூற்றாண்டு முதல் 'லெம்பா' என்றொரு சங்கம் இருந்தது. ஜான் ஜான்சன் என்ற மானிடவியலாளர் 1982-ல் அதைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அந்தச் சங்கத்தில் சேர ஒரு நோய் வந்திருக்க வேண்டும். நோய் கண்டவர் பெரும் பொருள் செலவழித்துச் சடங்கு செய்துகொள்வார், முரசு கொட்டுவார்கள், ஊர் உண்ணும். நோய் தீர்ந்தவர் பிறகு தாமே பிறருக்கு நோய் தீர்ப்பவராக ஆவார். கடற்கரைக்கும் உள்நாட்டுச் சந்தைகளுக்கும் இடையே வாணிகம் செய்தவர்கள்தாம் பெரும்பாலும் இதில் இருந்தார்கள். அடிமை வியாபாரம் ஊர்களைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. சந்தையில் சண்டை வராமல் காத்ததும், பகைத்த குடும்பங்களுக்குள் சம்பந்தம் பேசி முடித்ததும் இதே சங்கம்தான். வைத்தியசாலை, கோயில், ஊர்ப் பஞ்சாயத்து மூன்றையும் அந்த மக்கள் பிரித்து வைக்கவில்லை.

இந்தக் கண்ணோடு நம் பக்தி இயக்கத்தின் கதைகளைத் திரும்பப் படித்தால், அற்புதம் என்று சொல்லி நாம் தாண்டிப் போய்விட்ட இடங்கள் எல்லாம் நின்று பேசத் தொடங்குகின்றன. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் எழுந்த சமய இயக்கங்கள் நோயாளியின் பாயருகே நின்றுதான் தங்களை மெய்ப்பித்துக் காட்டின. நோயாளியை யார் ஏற்றுக்கொண்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள் என்று கேட்டால்தான் அந்த இயக்கங்களின் உயரமும் தெரியும், குறையும் தெரியும்.

முதலில் அப்பர் கதை. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒரு நோயாளியின் கதையாக அதை இன்று கேளுங்கள்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதி, இளையவர் மருணீக்கியார். பெற்றோர் அடுத்தடுத்து இறக்கிறார்கள். திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் மாள்கிறார். உயிரை விடத் துணிந்த அந்தப் பெண், தம்பியின் பொருட்டு உயிர் தரித்து நிற்கிறார். தம்பி வளர்ந்து அறச்சாலை வைக்கிறார், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். பிறகு உலக வாழ்வு நிலையற்றது என்று எண்ணிச் சமணத் துறவியாகித் தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தலைமைநிலை பெறுகிறார். அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்.

அங்கேதான் அவருக்குச் சூலை நோய் வருகிறது. வயிற்றில் எழுந்து குடலை முறுக்கிப் புரட்டும் வலி. நோய் தீர வேண்டி அவர் பாடிய முதல் பதிகத்தில் அந்த வலியை அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார். பக்திப் பாடலாக அதை ஓதுகிறவர்கள் அதில் ஒரு நோயாளியின் வாக்குமூலம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். வலி எங்கே பிடிக்கிறது, எப்படி முடக்குகிறது, இரவும் பகலும் விடாமல் எப்படி வாட்டுகிறது என்று நோயுற்றவரே தன்மையிடத்தில் நின்று பேசும் பாட்டு உலகத்துப் பழைய இலக்கியங்களில் அதிகம் கிடையாது.

சமண முனிவர்கள் சும்மா இருக்கவில்லை. மந்திரித்த நீரைக் குண்டிகையிலிருந்து கொடுத்தார்கள். மயிற்பீலி கொண்டு உடம்பைத் தடவினார்கள். வலி ஏறிக்கொண்டே போயிற்று. கைவிட்டார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். அப்போது தருமசேனர் தம் சமையல்காரரைத் திருவதிகைக்கு அனுப்புகிறார். அக்கா அங்கே வீரட்டானத்துச் சிவன் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துத் தொண்டு செய்துகொண்டிருக்கிறார். செய்தியைக் கேட்ட திலகவதி, சமணர் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தம்பியோ பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளாடை உடுத்து, இரவோடு இரவாகக் கெடிலக் கரையோரம் வந்து அக்காளின் காலில் விழுகிறார். அவர் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறார். விடியுமுன் தாம் கோயில் மெழுகப் போகும்போது தம்பியையும் அழைத்துக்கொண்டு போகிறார்.

ஜான்சன் 1978-ல் எழுதிய இன்னொரு நூலில் ஒரு கருத்து உண்டு. கீழ்க் காங்கோவில் எந்த வைத்தியரிடம் போவது, எப்போது மாற்றுவது, எப்போது கோயிலுக்குத் திரும்புவது என்று முடிவெடுப்பவர்கள் நோயாளியின் உறவினர்களே. தாய்மாமனும் உடன்பிறந்தவர்களும் கூடிப் பேசி நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்கிறார். திருவதிகையில் நடந்ததும் இதுவே. தமிழ்நாட்டின் சமய வரலாற்றைத் திருப்பிய அந்த முடிவை எடுத்தவர் ஒரு பெண். துறவியும் இல்லை, வைத்தியரும் இல்லை. தமக்கையாக இருந்ததால் அவருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் போக மறுத்ததும், வந்தவனை ஏற்றதும் இரண்டுமே சிகிச்சையின் பகுதிகள். சைவத்துக்குத் திலகவதியார் செய்ததை அப்பருடைய பெருமைக்கு ஒரு முன்னுரையாக மட்டும் சொல்லிக் கடப்பது எனக்குச் சம்மதமில்லை.

சமணர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் இந்தக் கதையைக் கேட்பது வென்றவர்களின் வாய்மொழியாக. அப்பர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம். நடுவே ஐந்நூறு ஆண்டு. பெரியபுராணம் அரங்கேறியதும் இதே ஊரில், ஆயிரங்கால் மண்டபத்தில். ஆக, கடலூரில் நடந்த நோயைச் சிதம்பரம் சொல்லி நாம் கேட்கிறோம். சமணர்கள் வைத்தியம் தெரியாதவர்கள் என்ற எண்ணம் அந்தச் சொல்லலில் வந்து படிந்துவிட்டது. உண்மை வேறு. உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்று நான்கு தானங்களைச் சமணம் இல்லறத்தாருக்கு விதித்திருந்தது. மருந்து கொடுப்பது அவர்களுக்கு அறக்கடமை. சமணர் எழுதிய ஏலாதிக்கும் சிறுபஞ்சமூலத்துக்கும் மருந்துச் சரக்குகளின் பெயர்களையே வைத்தார்கள். ஏலம், இலவங்கம், நாககேசரம், சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த சூரணம் உடம்புக்குச் செய்வதைத் தம் பாட்டு மனத்துக்குச் செய்யும் என்று நம்பிய ஆசிரியர்கள் அவர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளி படிப்பிலும் சிறந்திருந்தது. லோகவிபாகம் என்ற அண்டவியல் நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகையில் எழுதி முடித்ததாக ஒரு குறிப்பு உண்டு. பல்லவன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சகம் 380, அதாவது கி.பி. 458. அப்பருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அது உலகின் அமைப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த கல்விச்சாலை. அந்தப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் பல்லவ மன்னன் என்று பெரியபுராணமே சொல்கிறது. மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் அவனை அடையாளம் காண்கிறார்கள். ஒருவருடைய வயிற்றுவலி தீர்ந்ததில் தொடங்கிய கதை ஒரு கல்விச்சாலை இடிந்ததில் போய் முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் கிம்பா விட்டாவைச் சொல்ல விரும்புகிறேன். 1684-ஐ ஒட்டிப் பிறந்த காங்கோ நாட்டுப் பெண். இளம் வயதிலேயே நோய் தீர்க்கும் பூசாரியாகப் பயிற்சி பெற்றவள். 1704-ல் கடும் நோயில் விழுந்து, தான் இறந்துவிட்டதாகவும், புனித அந்தோனியார் தன் உடம்பில் புகுந்து தன்னை எழுப்பியதாகவும் சொன்னாள். அரசுரிமைப் போரில் பாழாகிக் கிடந்த தலைநகருக்கு மக்களைத் திரும்ப அழைத்துச் சென்று குடியேற்றினாள். நாட்டைப் பிடித்த நோய் உள்நாட்டுப் போர் என்று அவள் கண்டாள். அதற்கு மருந்து ஊரை மீண்டும் எழுப்புவது. கப்புச்சின் பாதிரிமாரின் தூண்டுதலோடு 1706-ல் அவளை உயிரோடு எரித்தார்கள்.

அப்பரும் நோயிலிருந்து எழுந்ததும் கையில் உழவாரம் எடுத்தார். புல் மண்டிக் கிடந்த கோயில் முற்றங்களைச் செதுக்கிக்கொண்டே ஊர் ஊராக நடந்தார். நோயில் விழுந்து எழுந்தவர்கள் இருவருமே பாழடைந்த இடத்தைத்தான் தேடிப் போனார்கள். உடம்பின் நோய்க்கும் ஊரின் நோய்க்கும் ஒரே வைத்தியம் பார்க்கும் பழக்கம் இரண்டு கண்டங்களிலும் இருந்திருக்கிறது. ஒருவர் எரிக்கப்பட்டார். இன்னொருவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டு, நஞ்சூட்டி, கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் அவர் கரையேறிவிட்டார் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சைவ இயக்கம் முழுவதுமே இப்படி நோய் தீர்த்த கதைகளால் நிறைந்தது. சம்பந்தர் கொல்லிமழவன் மகளுக்கு முயலகன் நோயைத் தீர்த்தார். திருச்செங்கோட்டில் அடியாரைப் பிடித்த குளிர்சுரத்தை நீக்கினார். மதுரையில் பாண்டியனின் வெப்புநோயைத் திருநீற்றால் தணித்தார். மதுரையில் பாண்டியனின் உடம்பையே ஆடுகளமாக்கி, வலப்பக்கம் சம்பந்தருக்கு, இடப்பக்கம் சமணருக்கு என்று பிரித்துக் கொடுத்ததாகக் கதை. அந்த வைத்தியப் போட்டி கழுமரத்தில் போய் நிற்கிறது. நோய் தீர்க்கும் உரிமை அரசதிகாரத்தோடு பிணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சாட்சி வேண்டியதில்லை.

தில்லையில் மணிவாசகர் கதையும் இதே வார்ப்புதான். ஈழத்து மன்னன் பௌத்த குருமாரோடு வாதுக்கு வருகிறான். கூடவே பேச்சு வராத மகளையும் அழைத்து வருகிறான். வாதில் பௌத்தர் வாயடைத்துப் போக, ஊமைப் பெண் பேசுகிறாள். அந்தக் கேள்வி பதில்களே திருச்சாழல் என்பது மரபு.

இந்தக் கோயிலின் தோற்றக் கதையே ஒரு தோல் நோயில் தொடங்குகிறது. கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார் 14-ஆம் நூற்றாண்டில் பாடிய கோயிற்புராணம் அதைச் சொல்கிறது. கௌட நாட்டு இளவரசன் சிம்மவர்மன் உடம்பில் பிணியோடு தெற்கே வருகிறான்; வியாக்கிரபாதர் சொல்லச் சிவகங்கைக் குளத்தில் மூழ்குகிறான்; பொன்மேனியோடு எழுந்து இரணியவர்மன் ஆகிறான்; கோயிலுக்குத் திருப்பணி செய்கிறான். தில்லை மரத்தின் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிச்சாவரத்தில் படகோட்டுகிறவர்கள் அந்தக் கிளையை ஒடிக்க விடமாட்டார்கள். தோலைப் புண்ணாக்கும் மரங்கள் அடர்ந்த காட்டின் நடுவே தோல் நோய் தீர்க்கும் குளம் இருப்பதாக நம் முன்னோர் கதை கட்டியதில் எனக்குப் பெரிய வியப்பு உண்டு. இதை ஆதாரமாக நான் வைக்கவில்லை. ஆனால் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் சொன்ன கதை அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனிக் கதைகளை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். சோழர் காலத்தில் இந்தக் கோயில் வைத்தியம் கணக்கும் சம்பளமும் உள்ள அமைப்பாக வளர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, சுமார் கி.பி. 1069. அங்கே பெருமாள் கோயிலில் வேத பாடசாலையும் அதனோடு ஆதுலசாலை என்ற மருத்துவமனையும் இருந்தன. படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை செய்வதற்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறது. ஆண்டு முழுவதும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல அரீதகி, கலியாண லவணம் என்று அது போகிறது. திருவாவடுதுறையில் 1121-ல், விக்கிரம சோழன் காலத்தில், அட்டாங்க இருதயமும் சரக சம்கிதையும் படித்த மாணவர்களுக்குச் சோறிட ஏற்பாடு நடந்திருக்கிறது. சிதம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில் வைத்தியக் கல்லூரி நடந்தது என்று இதற்குப் பொருள்.

பெருமைப்படலாம். பெருமைப்பட்டுவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த 15 படுக்கைகளில் யார் படுத்தார்கள்? பாடசாலை மாணவர்களும் கோயில் பணியாளர்களும். ஊருக்கு வெளியே சேரியில் காய்ச்சலில் கிடந்தவருக்கு அதில் இடமில்லை. கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து வந்த நந்தனார் இந்த ஊரின் எல்லையிலேயே நின்றார் என்று சேக்கிழார் எழுதுகிறார். தீயில் புகுந்து எழுந்த பின்புதான் அவருக்கு வழி விட்டார்கள். பிறப்பையே நோயாக்கி நெருப்பை மருந்தாக்கிய கதை அது. இரணியவர்மனுக்குக் குளம் கிடைத்தது, நந்தனாருக்கு நெருப்பு. இரண்டும் ஒரே கோயிலின் கதைகள். இன்னொன்றும் உண்டு. கட்டியைக் கீறியவரும், எலும்பு கட்டியவரும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியும் பெரும்பாலும் நாவிதக் குடும்பத்தவர்கள். நோயாளியின் உடம்பைத் தொட்டுச் சீழும் இரத்தமும் துடைத்தவர்களைச் சமூகம் கீழே வைத்தது. தொடாமல் நீறு கொடுத்தவர்களை மேலே வைத்தது.

இந்த மாவட்டத்துக் கோயில்களில் மருந்து இன்றும் பிரசாதமாக இருக்கிறது. திருவந்திபுரத்துக் குன்றுக்கே ஔஷதகிரி என்று பெயர். வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். அங்கே சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகருக்குக் கோரைக்கிழங்கு நிவேதனம். காய்ச்சலுக்கும் செரிமானக் கோளாறுக்கும் நாட்டு வைத்தியர் கொடுக்கும் அதே கிழங்கு. அந்தப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வரும்போது தைக்கால் முஸ்லிம்கள் பட்டும் மாலையும் கொடுத்து எதிர்கொள்கிறார்கள். கொள்ளிடம் தாண்டினால் வைத்தீசுவரன் கோயில். அங்கே சுவாமியே வைத்தியர். மண்ணும் திருநீறும் சித்தாமிர்தக் குளத்து நீரும் சேர்த்து உருட்டிய திருச்சாந்துருண்டையை மருந்தென்று வாங்கிச் செல்கிறார்கள்.

அம்மையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சூலையைக் கொடுத்தவரும் சிவன், தீர்த்தவரும் சிவன். திலகவதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சூலை கொடுத்து ஆட்கொள்வதாக இறைவன் சொன்னதாகவே பெரியபுராணம் கூறும். மாரியம்மனும் அப்படியே. முத்துப் போடுகிறவள் அவள், இறக்குகிறவளும் அவள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுக்குச் சொப்போனா என்ற தெய்வம் இதேபோல். பெரியம்மை அவர் கோபம். அவர் பூசாரிகள்தாம் நோயாளியைப் பார்ப்பார்கள், இறந்தவரைப் புதைப்பார்கள். தொற்றைப் பரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தப் பூசாரிகள் மேல் எழுந்தது. லாகோஸ் நகரத்து மருத்துவர் ஒகுந்தோலா சபாரா அந்தக் கூட்டத்துக்குள் தாமே இரகசியமாகச் சேர்ந்து பார்த்து வந்து சொன்னார். பிரிட்டிஷ் அரசு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழிபாட்டைத் தடை செய்தது. மக்கள் வேறு பெயரில் தொடர்ந்து கும்பிட்டார்கள்.

அம்மை போட்ட வீட்டில் நம் கிராமங்களில் என்ன நடந்தது? வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போகக்கூடாது. அடுப்பில் தாளிக்கக்கூடாது. நோயாளிக்கு இளநீர், கூழ், மோர். அரிப்பெடுத்தால் வேப்பங்கொழுந்தால் வருடுவது. முத்து உதிர்ந்த பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த நீரில் தலைக்கு ஊற்றுவது. இரவெல்லாம் ஒரு பெண் பக்கத்தில் அமர்ந்து தாலாட்டுப் பாடுவாள். நோயாளியைத் தனிமைப்படுத்தவும் வேண்டும், தனியாக விட்டுவிடவும் கூடாது என்ற இரண்டையும் அம்மனின் பெயரால் அவர்கள் செய்து முடித்தார்கள். கோவிட் காலத்தில் நாம் எவ்வளவு திணறினோம் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஆப்பிரிக்கர்கள் இன்னும் ஒரு படி போயிருந்தார்கள். பாஸ்டன் நகரில் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர், தம் நாட்டில் அம்மைப் பாலைக் கையில் கீறி ஏற்றிக்கொண்டால் பிறகு பெரியம்மை வராது என்று காட்டன் மேதர் என்ற பாதிரியாரிடம் சொன்னார். 1721-ல் அங்கே கொள்ளைநோய் வந்தபோது சாப்டியேல் பாயில்ஸ்டன் என்ற வைத்தியர் அதைச் செய்து பார்த்தார். 240-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கீறியதில் இறந்தவர் 6 பேர். இயல்பாக நோய் கண்டவர்களிலோ ஏழுக்கு ஒருவர் இறந்தார். அமெரிக்காவின் முதல் அம்மைத் தடுப்பு ஓர் ஆப்பிரிக்க அடிமையின் நினைவிலிருந்து வந்தது.

விருத்தாசலத்துக்கு அருகே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. அங்கே உருவம் செதுக்கிய சிலை இல்லை. பலிபீட வடிவில் முருகன். அங்கே மக்கள் பிராது கட்டுகிறார்கள். வெள்ளைத் தாளில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு என்று எழுதி, தம் ஊர், பெயர், குறை எல்லாம் மனுவாகக் கொடுக்கிறார்கள். பூசை செய்து, திருநீற்றோடு பொட்டலமாகக் கட்டி, முனியப்பர் முன்னால் உள்ள வேலில் தொங்கவிடுகிறார்கள். ஊர் இருக்கும் தூரத்துக்குத் தக்கபடி கட்டணம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். திருட்டுப் போன நகை, ஏமாற்றிய பங்காளி, திரும்பாத கடன், வீட்டை விட்டுப் போன கணவன், தீராத நோய் எல்லாம் அந்த வேலில் ஒன்றாகத் தொங்குகின்றன. புண்ணுக்குப் பூச வேப்பெண்ணெயும் அங்கேயே கொடுக்கிறார்கள். நோயையும் அநீதியையும் ஒரே மனுவில் எழுதும் இந்த மனம்தான் காங்கோவின் லெம்பாவை நடத்திய மனம். எனக்கு ஏன் நோய் வந்தது என்ற கேள்விக்குள் எனக்கு யார் தீங்கு செய்தார்கள், நான் யாருக்குச் செய்தேன் என்ற கேள்வியும் அவர்களுக்கு அடங்கியிருந்தது. இதில் ஆபத்தும் உண்டு. ஆப்பிரிக்காவிலும் இங்கேயும் சூனியம் வைத்ததாகப் பழிபோட்டு ஏழைக் கிழவிகளைக் கொன்றிருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்ற எனக்கு மனம் வராது. வயிற்றில் சூலை என்றால் இன்று மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கோயிலுக்கும் போங்கள்.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கெடிலம் கடலில் சேரும் இடத்திலேயே அந்தக் கோட்டை. அதன் பிறகு வந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் மருந்து வேறு, வழிபாடு வேறு என்று பிரிந்தன. மருந்துச் சுவடியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, அதைப் படித்தவரின் வீட்டுத் தெய்வத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். நாட்டு வைத்தியத்தை ஆராய 1921-ல் சென்னை அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தபோது, நம் வைத்தியர்களும் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டுதான் தங்கள் வித்தையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பிரிவினைக்கு உடன்படாத ஒருவர் நம் மாவட்டத்தில் இருந்தார். 1823-ல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள். அவர் காலம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலம்தான். ஆனால் நான் பேசி வந்த பழைய இயக்கங்களின் வரிசையில்தான் அவர் நிற்கிறார். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினமும் சாப்பிடச் சொன்னார். மூலிகைகளின் குணங்களை எழுதி வைத்தார். எப்போது எழுவது, எப்படி உண்பது, எந்தப் பக்கம் படுப்பது என்று விதித்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பசியை முதல் நோயாகக் கண்டார். 1867-ல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பை அணையவிடாமல் இன்றும் சமைத்துப் போடுகிறார்கள். 1872-ல் எழுப்பிய ஞானசபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தருமச்சாலைப் பந்தியில் உட்கார எந்த நிபந்தனையும் கிடையாது. சாதி கேட்கக் கூடாது, சமயம் கேட்கக் கூடாது, ஒழுக்கமும் கேட்கக் கூடாது. திருமுக்கூடலின் 15 படுக்கைகளுக்கும் ஆதனூர் நந்தனாருக்கு மூட்டிய நெருப்புக்கும் இந்த மண்ணிலிருந்தே வந்த பதிலாக அந்தப் பந்தியை நான் காண்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் வரலாறும் மானிடவியலும் படிக்கிறீர்கள். மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது. காங்கோவின் லெம்பாவைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதைக் கண்ட முதியவர்கள் உயிரோடிருந்தபோது சிலர் போய்க் கேட்டு எழுதியதுதான். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-ல் பதிவாயிற்று. அந்த நோயாளிகளின் பக்கத்தில் இரவெல்லாம் அமர்ந்து தாலாட்டுப் பாடிய பெண்களில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. பரங்கிப்பேட்டையிலும் புவனகிரியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் பண்ருட்டியிலும் அவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் யாரை விட்டார்கள், யாரை நிறுத்தினார்கள், என்ன கொடுத்தார்கள், என்ன பாடினார்கள், சேரியில் அம்மை வந்தபோது யார் போய்ப் பார்த்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.